கதவில் எழுதிய 4: வர்காஸின் பிளேக் நாவலும் ஆங்கிலத்தில் அதற்குக் கிடைத்த வரவேற்பும்

கேள்வி இது: "ஃப்ரெட் வர்காஸின் 'ஹேவ் மெர்சி ஆன் அஸ் ஆல்' நாவலை ஆங்கிலத்தில் படித்து முடித்தேன். பரிசு மேல் பரிசு வாங்கிய பிரெஞ்சுத் துப்பறியும் எழுத்தாளர் என்று கேள்விப்பட்டு வாங்கிய புத்தகம். ஆனால் அதில் வரும் போலீஸ் அதிகாரி துப்புத் துலக்குவதாகவே தெரியவில்லை, நடந்துகொண்டே இருக்கிறார். ஆட்களின் பேச்சும் இயல்பாக இல்லை. நடுக்கதையில் நுழைந்ததுபோல் வேறு இருந்தது. மொழிபெயர்ப்பின் கோளாறா, மூலமே இப்படித்தானா? விமர்சகர்கள் எதைக் கண்டு இவ்வளவு கொண்டாடினார்கள்?"

நீங்கள் சொன்ன மூன்றில் முதல் இரண்டும் மூலத்திலேயே இருப்பவை. மூன்றாவது, ஆங்கிலத்தில் பதிப்பித்த முறையால் வந்த வினை. பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்த நாவலைப் படித்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன். கொலைகாரன் யார் என்று எங்கும் சொல்லப்போவதில்லை. இன்னும் படிக்காதவர்களும் தொடரலாம்.

முதலில் எழுதியவர் யார் என்று பார்ப்போம். ஃப்ரெட் வர்காஸ் என்பது புனைபெயர். இயற்பெயர் ஃப்ரெதெரிக் ஒதுவன்-ருஸோ, 1957-இல் பாரிஸில் பிறந்த பெண். ஓவியரான இரட்டைச் சகோதரியும் 'வர்காஸ்' என்றே கையெழுத்திடுகிறார். பிரான்ஸின் தேசிய ஆய்வு மையத்தில் தொல்விலங்கியல் ஆய்வாளராக இருந்தவர். அகழாய்வில் கிடைக்கும் விலங்கு எலும்புகளை வைத்து அந்தக் காலத்து வாழ்க்கையைக் கண்டுபிடிப்பது அந்தத் துறையின் வேலை. அதிலும் அவருடைய களம் எலி, தெள்ளுப்பூச்சி, பிளேக். ஐரோப்பாவில் பிளேக் எப்படிப் பரவியது என்பது பற்றி 2003-இல் ஓர் ஆய்வு நூலே வெளியிட்டிருக்கிறார். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 2001-இல் வந்தது நீங்கள் படித்த நாவலின் பிரெஞ்சு மூலம். பல வருடம் எலி எலும்புகளோடு உட்கார்ந்திருந்த ஒருவர், அந்த ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே எழுதிய கதை அது. 2006 வாக்கில் பறவைக் காய்ச்சல் பயம் பரவியபோது, மக்கள் போட்டுக்கொண்டு வெளியே போகும்படி ஒரு பிளாஸ்டிக் பாதுகாப்பு அங்கியை வடிவமைத்து அரசாங்கத்திடம் கொடுக்கும் அளவுக்குத் தொற்றுநோய் அவர் மனத்தை ஆட்கொண்டிருந்தது.

இப்போது கதை. பாரிஸின் மோன்பர்னாஸ் பகுதியில், எட்கார் கினே சதுக்கத்தில், ஜோஸ் லெ கெர்ன் என்ற பழைய பிரெத்தோன் (பிரான்ஸின் வடமேற்குக் கடலோரப் பகுதிக்காரர்) மாலுமி ஒரு வழக்கொழிந்த தொழிலை மீண்டும் தொடங்கியிருக்கிறார். ஊர்ச்செய்தியை உரக்கக் கூவிச் சொல்லும் தொழில். நம் ஊர்க் கணக்கில் தண்டோராக்காரர், பறை மட்டும் இல்லை. மரத்தில் ஒரு பெட்டி தொங்கும். ஐந்து பிராங்க் சேர்த்துச் செய்தியைப் போட்டால், தினம் மூன்று வேளை கூட்டத்துக்கு நடுவே ஏறி நின்று வாசிப்பார். பொருள் விற்பனை, காதல், வசவு, புலம்பல் எல்லாம் வரும். சொல்லக்கூடியது, சொல்லக்கூடாதது என்று முதலில் பிரித்துவைப்பார். கடல் வானிலை அறிக்கையும் உண்டு. கடைசியில் எப்போதோ மூழ்கிய கப்பல் ஒன்றின் கதையும் உண்டு. இந்தப் பெட்டியில்தான் ஒருநாள் கனமான, விலையுயர்ந்த உறையில் புரியாத வாசகங்கள் விழ ஆரம்பிக்கின்றன. பழைய பிரெஞ்சு, நடுநடுவே லத்தீன். கூட்டத்தில் நின்று கேட்கும் தெகாம்ப்ரே என்ற படிப்பாளிக்கு மட்டும் பொறி தட்டுகிறது: இவை நூற்றாண்டுகளுக்கு முந்தைய நூல்களிலிருந்து எடுத்த வரிகள், இடைக்காலப் பாரசீக மருத்துவர் அவிசென்னாவின் மருத்துவ நூலும் அதில் உண்டு, எல்லாமே கொள்ளைநோயின் வருகையைச் சொல்பவை.

அதே சமயம் நகரின் சில அடுக்குமாடிக் கட்டிடங்களில் கதவுகள்தோறும் திருப்பிப் போட்ட 4 ஒன்று கருப்பு வண்ணத்தில் தோன்றுகிறது. கீழே மூன்று எழுத்துகள்: சி, எல், டி. கட்டிடத்துக்கு ஒரே ஒரு கதவு மட்டும் எழுதாமல் விடப்பட்டிருக்கும். அந்த 4 பழைய காலத்துக் காப்புச் சின்னம் என்பது மெல்லத் தெரியவருகிறது. அப்படியானால் எழுதாத கதவுக்குப் பின்னால் இருப்பவர் கதி என்ன என்பதுதான் நாவலின் திகில். பிணங்கள் கிடைக்கும்போது தெள்ளுப்பூச்சிக் கடித் தழும்புகளும், மேலெல்லாம் பூசிய கரியும் இருக்கின்றன.

இங்கே ஆய்வாளர் வர்காஸ் நாவலாசிரியர் வர்காஸுக்குக் கைகொடுக்கும் இடத்தைக் கவனியுங்கள். கரி பூசியதே கொலைகாரன் செய்த பிழை என்று ஒரு வரலாற்று அறிஞர் சொல்கிறார். பிளேக் வந்தவர் உடம்பு கரியாகக் கருத்துப்போவதில்லை. 'கருப்புச் சாவு' என்ற பெயர் பின்னாளில் பரவலானது, அதை வைத்துக்கொண்டு ஜனங்கள் செய்துகொண்ட கற்பனை அது. ஆக, கொலைகாரன் பிளேக்கைப் பற்றிப் படித்தவன், ஆனால் பிழையோடு படித்தவன். ஒரு துப்பறியும் கதையில் துப்பாக ஒரு வாசிப்புப் பிழை வருவதை நான் வேறெங்கும் இவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை.

இந்த நாவலில் உண்மையில் பரவுவது பிளேக் அல்ல, சொல். ஒருவர் எழுதுகிறார், ஒருவர் கூவுகிறார், ஒருவர் அடையாளம் காண்கிறார், பத்திரிகை அச்சடிக்கிறது. உடனே பாரிஸ்காரர்கள் தாங்களே தூரிகையை எடுத்துத் தங்கள் கதவில் 4 வரைந்துகொள்கிறார்கள், காப்பு வேண்டி. முதலில் வரைந்தவன் எழுதிய 4 எது, பயந்தவன் எழுதிய 4 எது என்று போலீஸுக்கே பிரித்துச் சொல்ல முடியாமல் போகிறது. 1920-இல் பாரிஸின் புறநகரில் குப்பை பொறுக்கி வாழ்ந்தவர்களிடையே உண்மையாகவே பிளேக் வந்தது. அதிகாரிகள் அந்தச் சொல்லை வாயில் எடுக்கப் பயந்து '9-ஆம் எண் நோய்' என்று குறிப்பிட்டார்கள். நாவல் அந்தச் சம்பவத்தையும் தொட்டுச் செல்கிறது. 'பிளேக்' என்ற சொல்லுக்கே அவ்வளவு பலம். இதைப் பிடித்துக்கொண்டால், மொழிபெயர்ப்பு ஏன் இந்த நாவலில் உயிர்நாடி என்பது புரிந்துவிடும். சொல்லே நோய்க்கிருமி என்றால், வேறொரு மொழியில் அந்தக் கிருமி உயிரோடு இருக்க வேண்டுமே.

தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பிளேக் வந்தால் என்ன செய்வது என்பதற்குப் பழைய மருத்துவர்கள் லத்தீனில் சொன்ன மருந்து மூன்று சொல்: சீத்தோ, லோங்கே, தார்தே. சீக்கிரம் கிளம்பு, தொலைவாகப் போ, தாமதமாகத் திரும்பு. கதவில் இருக்கும் சி, எல், டி அதுதான். பிரெஞ்சுத் தலைப்பு மூன்றில் இரண்டை எடுத்துக்கொண்டது: சீக்கிரம் போ, தாமதமாக வா. ஜெர்மன் தலைப்பு தொலைவையும் விரைவையும் எடுத்துக்கொண்டு தாமதத்தை விட்டுவிட்டது. ஸ்பானிய மொழியிலும் அப்படியே, விரைவும் தொலைவும். இத்தாலியத்தில் 'அவசரமாகப் போ, திரும்பி வராதே' என்று கடைசிச் சொல்லைக் கடுமையாக்கிவிட்டார்கள். ஆங்கிலத்தில் மட்டும் மூன்றுமே இல்லை. 'எங்கள் எல்லோர்மேலும் இரக்கம் வையும்' என்று ஒரு மன்றாட்டு.

முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. தலைப்பில் இருந்த துப்பையே தூக்கி எறிந்துவிட்டார்களே என்று. அப்புறம்தான் உறைத்தது. 1665-இல் லண்டனில் பிளேக் வந்தபோது, நோய் கண்ட வீட்டைப் பூட்டிக் கதவில் சிவப்புச் சிலுவை போட்டு, 'ஆண்டவரே, எங்கள்மேல் இரக்கம் வையும்' என்று எழுதிவைத்தார்கள். லண்டன்வாசியான சாமுவேல் பீப்ஸ் அந்த ஆண்டு ஜூன் மாத நாட்குறிப்பில் ட்ரூரி லேன் தெருவில் அப்படிப்பட்ட கதவுகளைப் பார்த்ததைக் குறித்துவைத்திருக்கிறார். அதாவது ஆங்கிலத் தலைப்பும் கதவில் எழுதப்பட்ட பிளேக் வாசகம்தான்! பிரெஞ்சுக்காரரின் கதவில் லத்தீன் எழுத்து, ஆங்கிலேயரின் கதவில் அவர்கள் முன்னோர் எழுதிய வேண்டுதல். பொருளை விட்டுவிட்டு, அந்தப் பொருள் ஒட்டியிருந்த கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது தலைப்பு. மொழிபெயர்ப்பாளர் டேவிட் பெல்லோஸ் பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெரெக்கின் பெருநாவலை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர், மொழிபெயர்ப்பைப் பற்றியே பின்னாளில் ஒரு நூல் எழுதியவர். சொல் விளையாட்டு நிறைந்த ஒரு புத்தகத்தை அவர் கையில் கொடுத்தது நல்ல தேர்வு.

ஆங்கில வர்காஸ் தலைப்புகள் வேறு சிலவற்றிலும் இந்தப் போக்கு உண்டு. ஓநாய்மனிதன் பற்றிய நாவலுக்குப் பிரெஞ்சில் 'உள்வெளி புரட்டிய மனிதன்' என்று பெயர், ஓநாய்மனிதனின் ரோமம் தோலுக்கு உள்பக்கம் இருக்கும் என்ற நாட்டுப்புற நம்பிக்கையிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அது 'யாரை விழுங்கலாமோ என்று தேடி' ஆகிவிட்டது. கெர்ச்சிக்கிற சிங்கம்போல் சாத்தான் சுற்றித்திரிகிறான் என்று சொல்லும் பேதுருவின் முதல் நிருபத்து வரி அது. 'நெப்டியூனின் காற்றுகளின் கீழ்' என்ற நாவல் 'இந்தக் கையிலிருந்து இரத்தத்தைக் கழுவுமா' என்ற பொருளில் ஆங்கிலத் தலைப்புப் பெற்றது. மக்பெத் கேட்கும் கேள்வி: நெப்டியூனின் மாக்கடல் முழுவதும் சேர்ந்தாலும் என் கையிலிருந்து இந்த இரத்தத்தைக் கழுவுமா? நெப்டியூன் என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு ஷேக்ஸ்பியரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். பிரெஞ்சு வாசகர் மனத்தின் அடித்தட்டில் எது இருக்கிறதோ அதற்கு ஈடாக, ஆங்கில வாசகர் மனத்தின் அடித்தட்டில் பைபிளும் ஷேக்ஸ்பியரும் இருக்கின்றன என்று கணக்குப்போட்டிருக்கிறார்கள்.

எப்போதும் இந்தக் கணக்குச் சரியாக வரவில்லை. 1995-இல் வந்த நாவலின் பிரெஞ்சுத் தலைப்பு 'எழுந்திருங்கள், செத்தவர்களே!' முதல் உலகப்போரில், 1915-இல், பதுங்குகுழியில் பெரிக்கார் என்ற பிரெஞ்சுப் படைவீரர் வீழ்ந்துகிடந்த தன் ஆட்களைப் பார்த்து எழுப்பியதாகச் சொல்லப்படும் முழக்கம் அது. போர்க்காலத்திலேயே பிரான்ஸ் முழுக்கப் பரவிய சொல். இடிந்துபோன ஒரு வீட்டில் வேலையில்லாத மூன்று வரலாற்று ஆய்வாளர்கள் குடியேறுகிறார்கள். கற்காலத்தை ஆராய்பவர் முதல் மாடியில், இடைக்காலத்தை ஆராய்பவர் இரண்டாம் மாடியில், முதல் உலகப்போர் ஆராய்ச்சியாளர் மூன்றாம் மாடியில், காலவரிசைப்படி. இறந்தவர்களை எழுப்புவதே மூவரின் தொழில். தலைப்பில் போரும் இருக்கிறது, வரலாறும் இருக்கிறது, கொலையும் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது 'மூன்று சுவிசேஷகர்கள்' என்று ஆனது. மாத்தியாஸ், மார்க், லூசியன் என்ற பெயர்களில் மத்தேயு, மாற்கு, லூக்காவின் சாயலைக் கண்டு கதைக்குள் ஒருவர் கிண்டலாக வைக்கும் பட்டப்பெயர் அது. தவறில்லை, ஆனால் அந்த முழக்கம் காதில் விழவே இல்லை.

அந்த நூலையும் பின்வந்த பெரும்பாலான நூல்களையும் மொழிபெயர்த்தவர் ஷான் ரெனால்ட்ஸ். பிரெஞ்சு வரலாற்றைப் படித்துக் கற்பித்தவர், பெர்னான் ப்ரோதெலின் மத்தியதரைக் கடல் பற்றிய மாபெரும் வரலாற்றை ஆங்கிலமாக்கியவர். அவர் திறமைக்கு ஓர் உதாரணம் மட்டும் சொல்கிறேன். நீங்கள் படித்த நாவலின் போலீஸ் அதிகாரிதான் அதம்ஸ்பெர்க். அவர் வரும் முதல் நாவல் 1991-இல் வந்தது. அதில் யாரோ ஒருவர் பாரிஸ் நடைபாதைகளில் இரவில் நீலச் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு, நடுவில் ஒரு குப்பைப் பொருளை வைத்து, விக்டர் என்பவனுக்கு ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறார்: கெட்ட நேரம், வெளியில் என்ன செய்கிறாய் என்று. பிரெஞ்சில் அது 'ஓர்', 'ஓர்' என்று இயைபோடு ஓடும், குழந்தைப் பாட்டுப்போல. ரெனால்ட்ஸ் ஆங்கிலத்தில் 'ஸ்டோர்', 'ஃபோர்' என்று முடித்து அதே ஓசையையே நிறுத்திவிட்டார். பொருளும் நிற்கிறது, ஒலியும் நிற்கிறது, படிக்கும்போது முதுகில் லேசாகச் சில்லிடுவதும் நிற்கிறது.

சரி, விமர்சகர்களுக்கு வருகிறேன். நீங்கள் படித்த நாவல் பிரான்ஸில் 2002-இல் புத்தகக் கடைக்காரர்கள் தரும் பரிசையும், 'எல்' இதழின் வாசகியர் பரிசையும் பெற்றது. 2004-இல் ஜெர்மனியின் குற்றப்புனைவுப் பரிசில், அயல்நூல் பிரிவில் முதலிடம். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இது வெறும் இலக்கியப் பண்டிதர்கள் தூக்கிவிட்ட புத்தகம் இல்லை என்பது தெரியும். கடைக்காரரும் வாசகரும் முன்னால் வந்தார்கள்.

பிரிட்டனில் கதை வேறுமாதிரி போனது. அங்கே குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கம் ஆண்டுதோறும் சிறந்த நாவலுக்கு 'கோல்டு டாகர்', அதாவது தங்கக் குத்துவாள் பரிசு தருகிறது. 2001-இல் ஸ்வீடனின் ஹென்னிங் மான்கெல், 2002-இல் ஸ்பானிய மொழியில் எழுதும் ஹோசே கார்லோஸ் சொமோசா, 2005-இல் ஐஸ்லாந்தின் அர்னால்துர் இந்த்ரிதாசன் என்று ஐந்தாண்டில் மூன்று முறை மொழிபெயர்ப்பு நூல்கள் தட்டிக்கொண்டு போயின. 2005 இறுதிப் பட்டியலில் இருந்த ஆறு நூல்களில் நான்கு மொழிபெயர்ப்புகள், வர்காஸின் ஓநாய் நாவலும் அதில் ஒன்று. அடுத்த ஆண்டே விதி மாறியது. தலைமைப் பரிசு ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூலுக்கு மட்டும், மொழிபெயர்ப்புக்கென்று தனியாக 'இன்டர்நேஷனல் டாகர்'. அப்போது முதலாவதன் தொகை 20,000 பவுண்டு. இரண்டாவதில் எழுத்தாளருக்கு 5,000, மொழிபெயர்ப்பாளருக்கு 1,000. வெளிநாட்டார் ஜெயிப்பது பொறுக்காமல் ஒதுக்கிவிட்டார்கள் என்று அப்போதே பலர் பேசினார்கள், எனக்கும் அந்தத் தொகை வித்தியாசம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் பெயரைச் சொல்லி, கையில் காசு கொடுத்ததை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

அந்தத் தனிப்பரிசின் முதல் ஆண்டு, 2006: வர்காஸ், மூன்று சுவிசேஷகர்களுக்காக. 2007: மீண்டும் வர்காஸ், நெப்டியூன் நாவலுக்காக. 2008: இன்னொரு பிரெஞ்சு எழுத்தாளர் தொமினிக் மனோத்தி. 2009: மறுபடி வர்காஸ், நீல வட்ட நாவலுக்காக. 2013-இல் பியேர் லெமேத்ருடன் பகிர்ந்துகொண்டு நாலாவது முறை. ஒவ்வொரு முறையும் உடன் மேடையேறத் தகுதி பெற்றவர் ரெனால்ட்ஸ். இதில் 2009-ஐ மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். ஐரோப்பா முழுவதும் ஸ்வீடன் குற்றப்புனைவு எழுத்தாளர் ஸ்டீக் லார்சன் ஜுரம் அடித்துக்கொண்டிருந்த நேரம். அந்த ஆண்டுப் பட்டியலில் வர்காஸைத் தவிர மற்ற ஐந்து நூல்களும் ஸ்வீடன், நார்வே, ஐஸ்லாந்திலிருந்து வந்தவை, லார்சனின் இரண்டாம் நாவலும் அதில் இருந்தது. ஜெயித்ததோ 18 வருடத்துக்கு முன் எழுதிய ஒரு பிரெஞ்சு நாவல்.

ஏன் என்று நான் இப்படிப் புரிந்துகொண்டிருக்கிறேன். அந்த வட ஐரோப்பிய நாவல்கள் சமூகத்தின் நோயைச் சொல்பவை: ஊழல், குடும்ப வன்முறை, தனிமை, பனி. அவற்றைத் தொடர்ச்சியாகப் படித்துக் களைத்த விமர்சகருக்கு வர்காஸ் ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல் இருந்திருக்க வேண்டும். அங்கே கொலைக்குப் பக்கத்தில் சிரிப்பு இருக்கிறது, பழங்கதை இருக்கிறது, பைத்தியக்காரத்தனமான அன்பு இருக்கிறது. ஆங்கில மதிப்புரைகளில் திரும்பத் திரும்ப வந்த பாராட்டு இந்த விசித்திரத்துக்குத்தான். திரும்பத் திரும்ப வந்த குறையும் நம்பகத்தன்மை பற்றியதே. போலீஸ் இப்படியா வேலை செய்யும், தற்செயல் இவ்வளவா என்று கேட்டார்கள்.

'விசித்திரம்' என்ற அந்தப் பாராட்டில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. பிரெஞ்சுக்காரர் என்றாலே கொஞ்சம் கோணல் என்று அன்போடு ஒதுக்கிவைக்கும் தொனி அதில் கலந்திருக்கிறது. பிரெஞ்சிலும் அவர் மனிதர்கள் யாரும் இயல்பாகப் பேசுவதில்லை, தெரியுமா? பாரிஸ் தெருவில் யாரும் தெகாம்ப்ரே மாதிரிப் பேச மாட்டார்கள். 1970-களுக்குப் பிறகு பிரெஞ்சுக் குற்றப்புனைவு பெரும்பாலும் அரசியல் கோபத்தோடு, கடுமையான தெருமொழியில் எழுதப்பட்டது. அந்த மரபில் வளர்ந்தவர்களுக்கு வர்காஸ் உலகத்தை விட்டு விலகி விசித்திரக் கதை சொல்பவராகத் தெரிந்தார். ஆகவே நீங்கள் உணர்ந்த இயல்பின்மை பெல்லோஸ் செய்த குற்றம் அன்று. தெரிந்தே செய்யப்பட்ட மொழிநடை அது, அவர் அதைச் சமப்படுத்திச் சாதாரண ஆங்கிலமாக்காமல் விட்டதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

நடந்துகொண்டே இருக்கும் அதம்ஸ்பெர்க்கும் அப்படித்தான். பிரெனே (பைரனீஸ்) மலைப்பக்கத்திலிருந்து வந்த, ஒழுங்காக யோசிக்கத் தெரியாத, நடந்தால் மட்டுமே மூளை ஓடும் மனிதர். பக்கத்திலேயே எல்லாம் படித்த, எல்லாவற்றையும் வரிசைப்படுத்தும் உதவியாளர் தாங்லார். தர்க்கம் அவரிடம், உள்ளுணர்வு இவரிடம் என்று துப்பறிவாளரை இரண்டு ஆளாகப் பிளந்துவைத்திருக்கிறார் வர்காஸ். இந்த 'கமிசேர்' பதவியைச் சென்னை, மதுரை கமிஷனரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சீருடை அணிவகுப்பு எதுவும் இல்லை, ஒரு கொலைப்பிரிவின் தலைவர், அவ்வளவுதான்.

ஒரே புத்தகம் இடத்துக்கு இடம் எப்படி மாறும் என்பதற்கு நெப்டியூன் நாவலைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அதில் அதம்ஸ்பெர்க் கனடாவின் கெபெக் மாகாணத்துக்குப் போகிறார். அங்குள்ளவர்கள் பேசும் பிரெஞ்சை வர்காஸ் எழுதிய விதம் கெபெக் வாசகர்களுக்குப் பிடிக்கவில்லை. எங்களைக் கேலிச்சித்திரமாக்கிவிட்டார், இப்படி யாரும் பேசுவதில்லை என்றார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நம் வட்டார வழக்கை வெளியூர்க்காரர் பிழையாக எழுதினால் நமக்கு எரியாதா? ஆனால் ஆங்கிலத்தில் பாரிஸ் பிரெஞ்சுக்கும் கெபெக் பிரெஞ்சுக்கும் உள்ள இடைவெளியைக் காட்ட நேர்வழி கிடையாது. மொழிபெயர்த்தவுடன் அந்தப் புண் பாதி மறைந்துவிட்டது. கெபெக்கில் முகம் சுளிக்கவைத்த அதே நாவல் லண்டனில் 2007-இன் பரிசைப் பெற்றது.

இனி உங்கள் மூன்றாவது குறை. இதில் நீங்கள் முழுக்கச் சரி. அதம்ஸ்பெர்க் வரிசையில் நீலவட்ட நாவல் 1991, ஓநாய் நாவல் 1999, பிளேக் நாவல் 2001. ஆங்கிலத்தில் முதலில் வந்தது பிளேக், 2003-இல். பிறகு ஓநாய், 2004-இல். அறிமுக நூலான நீலவட்டம் 2009 வரை காத்திருந்தது. அதனால்தான் கமீல் யார், அதம்ஸ்பெர்க்குக்கும் அவளுக்கும் நடுவில் ஏன் இந்த இழுபறி என்று எதுவும் புரியாமல் ஆங்கில வாசகர்கள் தவித்தார்கள். இன்னொன்றும் நடந்தது. நான் மேலே சொன்ன வரலாற்று அறிஞர், கரி பூசியது பிழை என்பவர், மார்க் வாந்தூஸ்லர். இடைக்கால வரலாறு படித்துவிட்டு வீடு துடைக்கும் வேலை பார்ப்பவர். ஆங்கிலத்தில் 2003-இல் படித்தவருக்கு அவர் எங்கிருந்தோ வந்து போகும் கோமாளி. பிரெஞ்சு வாசகருக்கோ அவர் 1995-லிருந்து தெரிந்த பிள்ளை, அந்த இடிந்த வீட்டின் இரண்டாம் மாடிக்காரர். பழைய சிநேகிதரைச் சந்திக்கும் சந்தோஷம் ஆங்கிலத்தில் வெறும் வினோதமாகச் சுருங்கிவிட்டது. பரிசு வாங்கும் வாய்ப்புள்ள, நன்றாக விற்ற நூலை முதலில் கொண்டுவருவது பதிப்பாளருக்கு லாபக் கணக்கு, புரிகிறது. வாசகருக்கு நஷ்டம்.

குறையே இல்லாத நாவல் என்று நான் சொல்ல மாட்டேன். விடுப்பில் மூன்று வாரத்தில் முதல் வரைவை எழுதிவிட்டுப் பிறகு மாதக்கணக்கில் திருத்துவது வர்காஸின் வழக்கம். அந்த வேகம் முதல் பாதியில் வரமாகவும் இரண்டாம் பாதியில் சாபமாகவும் இருக்கிறது. போலீஸ் விசாரணை சூடுபிடித்ததும் ஜோஸும் சதுக்கமும் பின்னுக்குப் போய்விடுகிறார்கள், நாவலின் இதயமே அந்தச் சதுக்கம்தான் என்றிருக்கும்போது. முடிவில் விளக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து குவிகின்றன. இந்த இடத்தில் நம்பகத்தன்மை இல்லை என்று சொன்ன விமர்சகரோடு எனக்குச் சண்டை கிடையாது.

அடுத்து என்ன படிக்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். முதலில் நீலவட்டம், பிறகு ஓநாய். நடுவில் மூன்று சுவிசேஷகர்கள், அதற்கு அதம்ஸ்பெர்க்கோடு சம்பந்தமில்லை என்றாலும் மார்க்கைத் தெரிந்துகொள்வதற்காக. அதன் பின் பிளேக் நாவலை இன்னொரு முறை எடுங்கள். எடுத்தால் ஜோஸ் கூவும் பக்கங்களைக் கண்ணால் ஓட்டாமல் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். விற்பனை, வசவு, காதல், பழம்லத்தீன், கடல் வானிலை எல்லாம் ஒரே குரலில், ஒரே சீரில் வரும். கடைசியில் மூழ்கிய கப்பலின் செய்தியும் வரும். முதல் வாசிப்பில் நான் அந்தக் கப்பல்களைத் தாண்டித் தாண்டிப் போய்விட்டேன். இரண்டாம் முறை, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று அவர் சொல்லும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், சதுக்கத்தில் நிற்கும் மற்றவர்களைப் போலவே.